இரண்டு ஓரகத்திகளும் இருநூறு சொற்களும்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருத்தி அண்ணன் மனைவி, மற்றவள் தம்பி மனைவி. அங்கே யாரும் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பெரியக்கா, சின்னக்கா, அவ்வளவுதான். பெரியக்கா துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வாள். காய்ந்து வரும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் மடித்து, எந்த வார்டுக்கு எத்தனை என்று அடுக்கி அனுப்புவது சின்னக்காவின் வேலை. ஏழு வருடமாக ஒரே பேருந்தில் வந்து, ஒரே டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, ஒரே பேருந்தில் வீடு திரும்புகிறவர்கள்.

அந்த வருடம் புதிய இயந்திரங்கள் வந்து இறங்கின. அவற்றின் திரையில் ஓடுவதெல்லாம் ஆங்கிலம். இயந்திரம் என்ன கேட்கிறது என்று புரியாமல், கண்ணில் பட்ட பொத்தானை எல்லாம் அழுத்திப் பார்த்தார்கள். ஒருநாள் குழந்தைகள் வார்டுப் போர்வைகள் மூன்று முறை துவைக்கப்பட்டு வந்தன. நிர்வாகம் விழித்துக்கொண்டு அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டியது. காலை ஷிஃப்டுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். விருப்பமுள்ளவர்களுக்கு இருநூறு ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியல் தரப்படும். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருக்க வேண்டும், சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து வாரம் கழித்துத் தேர்வு.

பெயர் கொடுத்தவர்கள் பதினான்கு பேர். அதில் ஓரகத்திகள் இருவரும் உண்டு.

அந்த வாரமே வீட்டில் சண்டை வந்தது. தேர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரியக்காவிடம் அவள் தங்கை பின்னிக் கொடுத்த கம்பளி ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. சின்னக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில் அழுக்குக் கூடையை அப்படியே வெந்நீரில் கொட்டித் துவைத்தாள். ஸ்வெட்டர் வெளியே வந்தபோது, சின்னக்காவின் நாலு வயது மகளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"ஆஸ்பத்திரித் துணியெல்லாம் உன் கையில எப்படித்தான் உயிரோட திரும்பி வருதோ!" என்றாள் பெரியக்கா.

"வெந்நீர்ல போடக் கூடாததைக் கூடையில போட்டது யாரு அக்கா?"

"நான் போடலை."

"அப்போ அதுவா நடந்து போய் விழுந்துச்சா?"

பேச்சு அங்கே நின்றது. நின்றது நின்றதுதான். ஒரே பேருந்து, ஒரே டப்பா, ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. போதாக்குறைக்கு அந்தக் குட்டியும் சுருங்கிப்போன அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பெரியம்மாவின் மடியிலேயே வந்து உட்காருவாள்.

மூன்றாம் நாள் சின்னக்காவின் பட்டியல் போய்ச் சேர்ந்தது. ஏப்ரன் பையில் மடித்து வைத்ததை மறந்து, ஏப்ரனோடு இயந்திரத்தில் போட்டுவிட்டாள். இருநூறு சொற்களும் வெள்ளைத் துணுக்குகளாக விரிப்புகளில் ஒட்டிக்கொண்டு வந்தன. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு மடிக்கிற மேசைக்குப் போய்விட்டாள். எதிரே நின்று பெரியக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலை சமையலறை ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கியது. பெரியக்கா தன் பட்டியலில் இருந்த சொற்களை, பக்கத்துக்கு நான்காக அதில் எழுதியிருந்தாள். முதல் பக்கத்துச் சொற்களுக்குப் பொருளும் வாக்கியமும் சிவப்பு மையில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரி காலியாக விட்டிருந்தாள். சின்னக்கா பச்சை மைப் பேனாவை எடுத்தாள்.

முதல் சொல் 'கேர்லெஸ்'. கவனமில்லாத என்று பொருள் எழுதி, அடுத்த வரியில் ஆங்கிலத்தில் பெரியக்கா எழுதிய வாக்கியம் இது: 'சிலர் கம்பளி விஷயத்தில் கவனமில்லாதவர்கள்.' அதன் கீழே பச்சையில் பதில் ஏறியது: 'சிலர் பேச்சு விஷயத்தில் கவனமில்லாதவர்கள்.'

அதிலிருந்து நோட்டு சூடுபிடித்தது. 'ஸ்டபர்ன்' என்றால் பிடிவாதமான. 'எங்கள் குளியலறைக் கதவு பிடிவாதமானது. ஆனால் எண்ணெய் விட்டால் அதுகூட வழிக்கு வரும்' என்று சின்னக்கா எழுத, 'எண்ணெய் விடுகிறவர் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று சிவப்பு மை சொன்னது. 'எக்ஸாஜரேட்' என்றால் மிகைப்படுத்து. 'ஒரு ஸ்வெட்டர் போனதற்கு, ஊரே மூழ்கிப் போனதுபோல் மிகைப்படுத்துகிறவர்களை எனக்குத் தெரியும்' என்றது பச்சை மை.

வீட்டு ஆண்கள் இருவருக்கும் இது கொண்டாட்டமாகப் போயிற்று. அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். தம்பி பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். காலைத் தேநீரைக் கையில் பிடித்தபடி இருவரும் ஆணிக்கு முன்னால் போய் நின்றுவிடுவார்கள், செய்தித்தாள் படிக்கிறவர்களைப்போல.

"அண்ணே, இன்னைக்கு என்ன போட்டிருக்காங்க?"

"'ஸ்நோர்'. குறட்டை விடு. இதுல நாம ரெண்டு பேருமே வந்திருக்கோம்டா."

"எழுதினது யாரு? எங்கண்ணியா, என் வீட்டுக்காரியா?"

"ரெண்டு பேரும்தான். இந்த ஒரு சொல்லுல மட்டும் ஒத்துமையா இருக்காங்க."

இரண்டு வாரம் போனதும் நோட்டில் வேறொன்றும் நடக்க ஆரம்பித்தது. பெரியக்காவுக்கு இலக்கணம் கெட்டி. எங்கே 'ஹேஸ்', எங்கே 'ஹேவ்' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தப்பாக எழுதிய வாக்கியத்தைத் திருத்தாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. தன்னைக் குத்துகிற வாக்கியமாக இருந்தாலும், முதலில் பிழையைத் திருத்துவாள், பிறகுதான் கோபப்படுவாள். சின்னக்கா கல்யாணத்துக்கு முன் மருந்துக்கடையில் நின்றவள். எந்தச் சொல்லை எங்கே சொல்வார்கள் என்று காதில் கேட்டே பழகியவள். ஒருநாள் பெரியக்கா, 'சோப்புப் பட்டால் என் தோல் சிவந்துவிடும், என் தோல் சென்சிபிள்' என்று எழுதி வைத்திருந்தாள். சின்னக்கா கீழே எழுதினாள்: 'உங்கள் தோலுக்கு விவேகம் இருப்பதில் மகிழ்ச்சி. நீங்கள் சொல்ல வந்தது சென்சிடிவ்.'

அதைப் படித்துவிட்டு, சமையலறையில் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, பெரியக்கா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

நூற்று நாற்பதாவது சொல் 'மிஸ்'. இதற்கு இரண்டு பொருள் என்று பச்சை மையில் இருந்தது. ஒன்று, தவறவிடு. 'நேற்று நாங்கள் பேருந்தைத் தவறவிட்டோம்.' இன்னொன்று, பக்கத்தில் இல்லாத ஒருவரை நினைத்து ஏங்கு. அதற்கான வாக்கியம் இப்படி இருந்தது: 'நானும் என் அக்காவும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போகிறோம். ஆனாலும் நான் அவளுக்காக ஏங்குகிறேன்.'

பெரியக்கா சிவப்புப் பேனாவைத் திறந்தபடி நின்றாள். திருத்த ஒன்றுமில்லை. மறுபடி படித்தாள். எல்லாச் சொல்லும் அதனதன் இடத்தில் இருந்தன. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவள் கண்ணில் படவில்லை. பேனாவை மூடிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். சின்னக்கா வாயில் கிளிப்பைக் கடித்தபடி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடைசி வாக்கியத்துல நீ முற்றுப்புள்ளி வைக்கலை" என்றாள் பெரியக்கா.

சின்னக்கா வாயிலிருந்து கிளிப்பை எடுத்தாள். "வச்சேனே அக்கா."

"வச்சியா?"

"வச்சேன்."

"அப்படின்னா..." பெரியக்கா ஒரு ஈரத் துண்டை எடுத்து உதறினாள். "அப்படின்னா அது சரியா இருக்கு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று பிற்பாடு இருவரும் வாதாடினார்கள். சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடிக்காரி எட்டிப் பார்த்தாள். ஈரத் துண்டு கீழே விழுந்து மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

மிச்சம் இருந்த அறுபது சொற்களை அவர்கள் வாயாலேயே படித்தார்கள். பேருந்தில் படித்தார்கள். சலவைக்கூடத்தில் இயந்திரம் சுழல்கிற இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் படித்தார்கள். "கிரேட்ஃபுல்!" என்று பெரியக்கா இந்தக் கோடியிலிருந்து கூவினால், "நன்றியுள்ள! டப்பாவைத் திறந்து வச்சவங்களுக்கு என் வயிறு நன்றியுள்ளதா இருக்கு!" என்று அந்தக் கோடியிலிருந்து பதில் வரும். தேர்வு எழுதாத பெண்களும் சேர்ந்து கூவ ஆரம்பித்தார்கள்.

தேர்வு, ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தில் நடந்தது. ஓரகத்திகளுக்குக் கூடத்தின் இரண்டு கோடியில் இடம் கிடைத்தது. இருபது சொற்கள், ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் பணியாளர் அலுவலகத்து அதிகாரியம்மா இருவரையும் அழைத்துவரச் சொன்னார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையில் இரண்டு விடைத்தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்கு ஒரு சந்தேகம். 'கன்ஃபெஸ்'ங்கிற சொல்லுக்கு ரெண்டு பேரும் ஒரே ஸ்வெட்டரைப் பத்தி எழுதியிருக்கீங்க. பார்த்து எழுதினீங்களா?"

"அவ்வளவு தூரத்துல இருந்து எப்படிம்மா தெரியும்?" என்றாள் பெரியக்கா.

"அதான் எனக்கும் புரியலை. அதுவும் பார்த்து எழுதினா ஒண்ணா இருக்கணும். இது நேர்மாறா இல்ல இருக்கு?" அதிகாரியம்மா சின்னக்காவின் தாளை எடுத்துப் படித்து அர்த்தமும் சொன்னார். "'நான் ஒப்புக்கொள்கிறேன், கூடையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் என் அக்காவின் ஸ்வெட்டரைப் பாழாக்கியது நான்தான்.'" பிறகு பெரியக்காவின் தாளை எடுத்தார். "'நான் ஒப்புக்கொள்கிறேன், என் ஸ்வெட்டரைக் கூடையில் போட்டது நான்தான், அதைத் துவைத்த என் தங்கை மேல் குற்றமில்லை.' இதுல எது நிஜம்?"

சின்னக்கா அதிகாரியம்மாவை மறந்துபோய் அக்கா பக்கம் முழுதாகத் திரும்பினாள். "அக்கா! கூடையில போட்டது நீங்களா?"

பெரியக்கா தரையைப் பார்த்தாள். "அன்னைக்குச் சாயங்காலமே ஞாபகம் வந்துடுச்சு. ஆனா இல்லைன்னு சொன்ன வாய், எப்படித் திரும்பிச் சொல்றது?"

"அப்புறம் இங்க மட்டும் ஏன் எழுதினீங்க?"

"தேர்வுல பொய் எழுத மனசு வரலை."

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், வெளியே தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கதவைத் திறந்து பார்த்தார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அதிகாரியம்மா சொன்னார், "அந்த நோட்டை நாளைக்குக் கொண்டுவாங்க. நான் படிக்கணும்."

சின்னக்காவுக்கு இரண்டு மதிப்பெண் அதிகம். பொறுப்பாளர் வேலை அவளுக்கு என்று பலகையில் ஒட்டினார்கள். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பெரியக்காவும் தட்டினாள். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் மனசைத் திறந்தாள்.

"எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருக்கு. சொல்லிட்டேன். நாளைக்குப் போயிடும்."

"நாளைக்கு எத்தனை மணிக்கு அக்கா?"

"மத்தியானம் ஆயிடும்" என்றாள் பெரியக்கா. சின்னக்கா அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நோட்டு திரும்பி வருவதற்குள் அலுவலகத்தில் அதை அறுபது பிரதி எடுத்துவிட்டார்கள். சலவைக்கூடத்தில் ஆளுக்கொரு பிரதி. சண்டை, குறட்டை, விவேகமுள்ள தோல் என்று வீட்டு ரகசியம் ஒன்று பாக்கி இல்லாமல் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. வெட்கத்தில் இரண்டு நாள் தலை நிமிராமல் நடந்த ஓரகத்திகளிடம், கொதிகலன் அறை ஆட்கள் வந்து, "எங்களுக்கும் ஒரு நோட்டு போட்டுக் கொடுங்கக்கா. எங்ககிட்டயும் சண்டை நிறைய இருக்கு" என்று கேட்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு இயந்திரம் மக்கர் பண்ணியது. கம்பெனியிலிருந்து வந்த பொறியாளருக்கு நம் மொழி ஒரு சொல் தெரியாது. சின்னக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். முதல் வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஆனால் ஆங்கிலம் வந்தது. எங்கிருந்து தண்ணீர் கசிகிறது, எந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எப்போதும் கசிகிறதா என்று அவர் கேட்டார். எப்போதும் இல்லை, எப்போதாவதுதான். அதற்கு என்ன சொல்? நெற்றியைத் தேய்த்தாள். கூரையைப் பார்த்தாள். மடித்த விரிப்புகளின் அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வெண்கலம்போல் ஒலித்தது.

"ஆகேஷனலி!"

"யெஸ்! ஆகேஷனலி!" என்றாள் சின்னக்கா.

பொறியாளர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, அது யார் என்று விசாரித்தார். சின்னக்கா நிமிர்ந்து நின்று, ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அவங்க என் அக்கா. எங்க வீட்டு இலக்கணம்."