மகிழம்பட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாக இருக்கலாம், ஓராண்டு முன்பின் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பட்டையை உரித்தவர்களின் வரிசையும் எனக்குக் குழம்பிப்போயிருக்கிறது. கடைசிக் கை யாருடையது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

செங்கம் சாலையோரம் இராமலிங்கத்துக்கு ஒரு மனை இருந்தது. கல்லும் சரளையுமான மண். அதில் ஒரு மகிழமரம் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. மைத்துனன் மூர்த்திக்கோ அங்கே வரிசையாக அறை கட்டி, மலையடி ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும்.

"ரெண்டு கன்னு காய்ஞ்சாச்சு. இதுவும் நிக்கலைன்னா எந்தம்பிக்கு மனையைக் குடுத்துடுங்க," என்றாள் மனைவி ஜோதியம்மாள். இராமலிங்கம் தலையாட்டிவிட்டார்.

முதல் இரண்டையும் கோடையில் நட்டது தப்பு. இம்முறை உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, சதையைக் கழுவி, ஈரம் காயுமுன்னே விதைகளைத் தொட்டியில் ஊன்றினார். முளைக்கவே இரண்டு மாதம். நிழலில் இரண்டு ஆண்டு. பிறகு ஐப்பசி மழையில், வேரைப் பிடித்த மண் உடையாமல் குழியில் இறக்கினார். ஆட்டுக்கு முள்வேலி, வெயிலுக்கு ஓலைத் தட்டி. அப்படியும் இடுப்பளவுக்கு வர இன்னும் மூன்று ஆண்டு பிடித்தது.

"மாமா, இதுக்குக் காதுகுத்து எப்போ?" என்று மூர்த்தி போகும்போதும் வரும்போதும் கேட்டான்.

ஒருவழியாகப் பூத்தது. அந்தப் பெருமைதான் கெடுத்தது. எதிர் டீக்கடை அர்ஜுனன் ஈறு வீங்கி நின்றபோது, இராமலிங்கமே கத்தியெடுத்து ஒரு துண்டு பட்டை சீவிக் கொடுத்தார். "கொதிக்க வெச்சு வாய் கொப்பளி. ரெண்டே நாள்."

மூன்றாம் நாள் அர்ஜுனன் டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டான். மலை சுற்ற வந்தவர்கள்கூட வேலிக்குள் கைவிட்டார்கள்.

"பல்லே இல்லாதவன்கூட உரிக்கிறான்டா!" என்று கத்தினார் இராமலிங்கம்.

"கோச்சுக்காதீங்கண்ணா. வைத்தியரு நீங்கதானே?" என்றான் அர்ஜுனன்.

காயங்களில் சாணமும் களிமண்ணும் அப்பினார். ஒரு பக்கம் நாலு விரல் அகலப் பட்டை மிச்சமிருந்தது. மரம் அதை வைத்துத்தான் உயிரோடிருந்தது. ஒரு காலை அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கூச்சலிட்டார். ஜோதியம்மாள் அடுப்படியில் நின்றிருந்தாள். அடுப்பில் ஒரு சட்டி கொதித்தது. அவள் கன்னம் வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா வலி?"

"பதினஞ்சு நாளா."

"சொல்லக்கூடாதா?"

"சொன்னா மரத்தைப் பாப்பீங்களா, என்னைப் பாப்பீங்களா? உரிச்ச எடத்துலயே உரிக்க மனசு வரலைங்க. காயம் ஜாஸ்தியாயிடும்னு நல்லா இருந்த பக்கமா எடுத்தேன்."

சுற்றிலும் பட்டை போய்விட்டால் வேருக்குச் சோறு இறங்காது. அதைச் சொல்ல வாயெடுத்தவர், அவள் கன்னத்தைப் பார்த்தார். சட்டியை இறக்கி, வடிகட்டி, ஆற்றிக் கொடுத்தார். அவள் கொப்பளித்தாள்.

"கம்மியாச்சா?"

"இல்ல."

அடுத்த கோடைக்குள் மரம் பட்டுப்போனது. அடியில் வெடித்த தளிரை ஆடு தின்றது. மனை மூர்த்திக்குப் போனது; ஐந்து அறை கட்டினான். ஜோதியம்மாள் அந்தப் பல்லை வேலூரில் பிடுங்கிக்கொண்டாள். அர்ஜுனன் கடையை மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலைக்கு மாற்றினான். இராமலிங்கம் எண்பத்தெட்டாம் ஆண்டில் இறந்தார். அதுவரை வேறு எதையும் நடவில்லை.