இடது தோளில் ஒரு தூசி

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது எனக்குத் தோன்றிய கதையல்ல, ஒட்டுக்கேட்டது. மாலை ரயிலில், அம்பத்தூரில் ஏறிய ஒரு பெண் கம்பியைப் பிடித்தபடி போனில் சொன்னாள்: "அம்மா, ஒரு தூசி தொலஞ்சி போச்சும்மா."

எதிர்முனைக் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. "ஊடு பூரா தூசிதான் கீது. வந்து ஒண்ணு எட்த்துக்கினு போ!"

"வெளாடாதம்மா. எனக்கு அந்தத் தூசிதான் வேணும். நாளைக்குப் பதினோரு மணிக்கு டைரக்டர் வராரு."

ஆவடியில் இறங்க வேண்டிய நான் திருநின்றவூர் வரை போய்விட்டேன். அதற்குமேலும் அவள் பின்னால் போனால் அடி விழும் என்பதால், மிச்சத்தை நானே எழுதுகிறேன்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "நட்சத்திரங்கள் தூசியாய் உதிரும் இப்பிரபஞ்சத்தில்..."

வேண்டாம். (எனக்கு இந்த வியாதி உண்டு.)

இரண்டாவது: பானுப்பிரியா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கிராஃபிக்ஸ் கம்பெனியில் இரண்டு வருடமாகக் கயிறு அழிக்கிறாள். (பெயர் நான் வைத்தது. அம்மாவுக்குச் சொர்ணம்.) சண்டைக் காட்சியில் நாயகன் பறப்பது ஊருக்கே தெரியும். அவனைத் தூக்கிய கயிற்றை ஒவ்வொரு ஃபிரேமாக அழித்தது அவள் என்பதைச் சொர்ணமே நம்புவதில்லை. இப்போதுதான் முதல்முறையாக அவளிடம் முழுசாக ஒரு ஷாட்டைக் கொடுத்திருக்கிறார்கள். எரிந்துபோன கிடங்கில் நாயகி நிற்கிறாள், மேலிருந்து சாம்பல் தூசி உதிர வேண்டும். இது தேறினால் கயிற்றிலிருந்து விடுதலை. சொதப்பினால் பழையபடி கயிறு.

3.

இனிமேல் எனக்குத் தெரியாத சமாச்சாரம். அந்தத் தொழிலில் இருக்கும் கொரட்டூர் ஜெகனைக் கேட்டேன்.

"சார், மொதல்ல முந்நூறு தூசி மட்டும் உட்டுப் பார்ப்போம், கம்ப்யூட்டர் திணறக்கூடாதுல்ல. டைரக்டர் ஓகே சொன்னதும் ரெண்டர் செட்டிங்ஸ்ல, அதான் கம்ப்யூட்டர் முழுப் படமா வரஞ்சி குடுக்குற எடத்துல, முப்பதாயிரம்னு போடுவோம். அங்கதான் மாட்டிக்குவோம். நம்பர மாத்துனா, சீட்டுக்கட்டக் கலச்சிப் போட்ட மாரி எல்லாத் தூசியும் எடம் மாறிடும்."

போதும், கதை கிடைத்துவிட்டது.

பானு காட்டிய சோதனை ரெண்டரில் ஒரே ஒரு தூசி தானாக மிதந்து வந்து நாயகியின் இடது தோளில் உட்கார்ந்தது. படப்பிடிப்பன்று எதற்காகவோ தோளைத் திரும்பிப் பார்த்திருந்த நாயகி, சரியாக அதைப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. டைரக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதான் ஷாட்! இதைத் தொடாதீங்க!"

பானு எதையும் தொடவில்லை, எண்ணிக்கையை மட்டும் கூட்டினாள். முப்பதாயிரம் தூசி கொட்டியது. நாயகி திரும்பி வெறும் தோளைப் பார்த்தாள்.

"இன்னா பானு, அத்தக் காணோம்?" என்றார் சீனியர் செங்கல்வராயன். "அந்தத் தூசிக்கோசரம்தான அந்தாளு நாளைக்கு வராரு?"

(செங்கல்வராயனை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. நசரத்பேட்டையிலிருந்து தினமும் பைக்கில் வருகிற மனிதர், முதுகுவலி வேறு.)

4.

இங்கே ஒரு வாக்குமூலம். இந்தக் கதையை மூன்றாவது முறை எழுதியபோது மெருகேற்றி மெருகேற்றி நாலாயிரம் வார்த்தையாக்கி வைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், சொர்ணம் பேசியதையே காணோம். எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. கதையே அந்த ஒரு வரிதான்! பழைய தாளைக் குப்பையிலிருந்து தேடி எடுத்து, ஓர் எழுத்துகூட மாற்றாமல் அதை அப்படியே வைத்து, மற்றதையெல்லாம் சுற்றிலும் புதிதாக எழுதினேன். அப்போதுதான், பானுவும் இதைத்தானே செய்ய வேண்டும் என்று உறைத்தது.

மறுநாள் காலை அவள் அந்த முந்நூறையும் பழைய செட்டிங்ஸோடு, ஓர் எண்ணைக்கூடத் தொடாமல், தனி அடுக்காக ரெண்டர் போட்டாள். மிச்சத் தூசியை வேறொரு அடுக்கில் கொட்டி அதற்குப் பின்னால் வைத்தாள். பத்தே முக்காலுக்கு அது மிதந்து வந்து தோளில் உட்கார்ந்தது. நாயகி திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டியாடி!" என்றாள் பானு, வாய்விட்டு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எழுதிய எனக்கும் சந்தோஷம்தான்.

5.

முடிவு அ: டைரக்டர் பானுவின் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்.

முடிவு ஆ: தூசியைப் பற்றிப் பேசியதே அவருக்கு ஞாபகமில்லை. "நல்லாருக்கு, அடுத்தது" என்கிறார்.

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஷாட் தேறிவிடுகிறது. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முடிவு இ: படம் வெளியான அன்று தியேட்டரில் சொர்ணம் கேட்கிறாள், "எங்கடி உன் தூசி?" பானு கையை நீட்டிக் காட்டுவதற்குள்...

ஷாட் நாலு விநாடிதான். சொர்ணம் பார்த்தாளா, எனக்குத் தெரியாது. அது என்ன படம் என்றே தெரியாது. அதனால் இப்போதெல்லாம் எந்தப் படத்துக்குப் போனாலும் நாயகியின் இடது தோளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவி அனுசுயா அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு, என்னோடு படத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் வாருங்களேன். நான் கண் சிமிட்டிவிட்டால், விழுந்ததா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.