அத்தையின் முகம் மட்டும்

கணினித் திரையில், மருத்துவமனை வாசலில் ஒரு பெரிய கூட்டம் நிற்கிறது. எல்லார் முகமும் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலக் கலங்கியிருக்கிறது. ஒரே ஒரு முகம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது, பல்வரிசை உட்பட. அது என் அத்தை.

"யார் முகமும் வெளியே தெரியாது" என்று அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தது நான்தான். உரிமைப் போராட்டங்களின் காணொளிகளைத் திரட்டி வைக்கும் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் எனக்கு உதவியாளர் வேலை. அத்தைக்கு அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று நிர்வாகம் நாற்காலிகளைத் தூக்கிவிட்டது. அதைக் கேட்கத்தான் வாசலில் நின்றார்கள். நின்றது யார் யாரென்று தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவைத்திருந்தார். காணொளி மறுநாள் காலை இணையத்தில் ஏற இருந்தது.

முகங்களை மறைப்பது மென்பொருளின் பொறுப்பு. அதுவாகவே ஒவ்வொரு முகமாகத் தேடிக் கண்டுபிடித்து மேலே திரை போட்டுவிடும். ஆரம்பத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காகப் போகிறதென்று நான் டீ குடிக்கப் போய்விட்டேன். அத்தை கூட்டத்தின் முன்னால் வருவது அதற்குப் பிறகுதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் எல்லாரையும் மறைத்து அத்தையை விட்டுவிட்டது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். அதே கதை. பேராசிரியரைக் கூட்டிவந்து காட்டினேன். கடித்துக் குதறப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தால், அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரைக்கு மூக்கை ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்துவிட்டு, "அருமை!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"புரியலையா? இவங்க நல்ல கருப்பு. இந்த மென்பொருளுக்குக் காட்டிக் காட்டிப் பழக்கினதெல்லாம் வெளுத்த முகம். அதனால இதை ஒரு முகம்னே அது எடுத்துக்கல."

"வேற என்னன்னு எடுத்துக்கிச்சு மேடம்?"

"பின்னாடி இருக்கிற சுவர், மரம், அந்த மாதிரி ஏதாவது." அவருக்குக் குரலே மாறிவிட்டது. "இதை அப்படியே வெளியிடுவோம். எத்தனை கட்டுரை எழுதினாலும் இவ்வளவு சொல்ல முடியாது. அநியாயம் எப்படி இருக்கும்னு ஜனங்க கண்ணால பார்க்கட்டும்."

"வேலை போயிடும் மேடம். அது என் அத்தை."

பேராசிரியர் வாயைப் பொத்திக்கொண்டார். நல்ல மனுஷிதான், ஆய்வென்று வந்துவிட்டால் மட்டும் தலைகால் புரியாது. "அப்ப அவங்களையே கேளு. அவங்க முகம், அவங்க முடிவு. வேண்டாம்னா நீ கையால மறைச்சிடு. ஆனா அவங்களைக் கொஞ்சம் படம் எடுத்துக்கலாமான்னும் கேளு. இந்த மாதிரி முகத்தையும் அதுக்குப் பழக்கணும் இல்லையா?"

அவர் சொன்னது ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருந்தது. மொத்தமாக நினைத்தால் தலை சுற்றியது.

வேலை முடிந்து அத்தை நேராக வந்தாள், கையில் சோப்பு வாடையோடு. எங்கள் வீட்டு ஆல்பத்தில் அத்தை கிடையாது. படம் எடுக்கலாம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "நீங்கல்லாம் நில்லுங்க, நான் எடுக்கிறேன்" என்று கேமராவைப் பிடுங்கிக்கொள்வாள். அவளுக்குப் படமெடுப்பதில் கொள்ளை ஆசை என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரையைப் பார்த்ததும் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, எல்லாரும் கலங்கிக் கெடக்காங்க, நான் மட்டும் ராணி மாதிரி நிக்கிறேன்!"

ஏன் அப்படி ஆனது என்று சொன்னேன். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"எங்க வாசல்ல வருகைப் பதிவுக்கு ஒரு கேமரா இருக்கே, அதுவும் இப்படித்தான். மத்தவங்க போய் நின்னா டிங்குன்னு அடிக்கும். நான் மட்டும் போன் டார்ச்சை மூஞ்சியில அடிச்சிக்கிட்டு நிக்கணும். அங்க என்னைத் தெரியலன்னா வரலைன்னு போட்டுடுது. இங்க தெரியலன்னா காட்டிக்கொடுத்துடுது. ஏண்டி, இதுங்களுக்கு நான் என்னதான் பண்ணணும்?"

பேராசிரியர் படம் கேட்டதையும் சொன்னேன்.

"படம் குடுத்தா அந்த வாசல் கேமராவும் என்னைக் கண்டுபிடிச்சிடுமா?"

"அவங்களும் இதையே வாங்கினா கண்டுபிடிக்கும் அத்தை."

"அப்ப அடுத்த தடவை அதே வாசல்ல கத்திக்கிட்டு நின்னாலும் கண்டுபிடிக்குமே?"

"கண்டுபிடிக்கும்."

"நீ படிச்சவ, சொல்லு. அதுக்கு என்னைத் தெரியணுமா, தெரியக் கூடாதா?"

பாகுபாடு, அந்தரங்கம், சம உரிமை, எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட விளக்கம் சொல்வேன். இது அந்த விளக்கம் எதிலும் இல்லை. அவமானமாக இருந்தது. "தெரியல அத்தை" என்றேன்.

"சரி விடு. அடுப்பு எரியணும்ல. மறைச்சிடு."

சுட்டியைக் கையில் எடுத்தேன்.

"இரு, இரு. நாற்காலி எங்கேன்னு கத்துறேன்ல, அங்க நிறுத்து."

நிறுத்தினேன். வாய் முழுக்கத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் பொறி பறக்க அத்தை நின்றாள். இந்த அத்தையை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

"இது ஒண்ணு மட்டும் எனக்குக் குடேன்."

"மறைக்காத படம் இந்த அறையை விட்டு வெளிய போகக் கூடாது அத்தை. அது விதி. உன்னைப் பாதுகாக்கத்தான்." அந்த விதியைத் தட்டச்சு செய்ததே நான்தான்.

"என் மூஞ்சியை எனக்கே தரக் கூடாதா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

அத்தை பையிலிருந்து கைபேசியை எடுத்து எழுந்து நின்றாள். "நீ ஒண்ணும் தர வேண்டாம். எனக்குத்தான் படமெடுக்க வருமே." தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை, திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அவள் கைபேசியில் முகம் தேடும் மஞ்சள் சதுரம் தோன்றியது. கலங்கிய தலைகளின் மேல் அலைந்தது, அத்தையின் முகத்தைத் தாண்டிப் போனது, திரையோரத்தில் நின்ற என் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"நீ கொஞ்சம் தள்ளுடி."

தள்ளி நின்றேன். சதுரம் மறுபடி எங்கெங்கோ தேடிவிட்டு மறைந்துபோனது. அத்தை, துணி அலசி அலசி வெளுத்துப்போன விரல்நுனியைக் கைபேசியில் தெரிந்த தன் முகத்தின் மேல் வைத்து அழுத்தினாள். சதுரம் அங்கே வந்து நின்றது.

படத்தை எடுத்துக்கொண்டு, "இப்ப மறைச்சிடு" என்றாள்.