வளையத்துக்குள் ரயில்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் ரயில் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் கப்ரியேல் பிழைக்க மாட்டார். அவர் மனைவி அந்துவானேத்துக்கு இதில் சந்தேகமே இல்லை.

1978இல் சைகோனில் புது அரசாங்கம் தனியார் கடைகளை மூடியபோது, அங்கேயே தங்கிவிட்ட தமிழச்சியான அவள் டோங் தூ மசூதிக்குப் பின்னால் நடத்திவந்த கடையும் போயிற்று. குட்டி விமானம், குட்டிக் கப்பல், பசை, பெயின்ட் விற்ற கடை. பிழைப்பு இல்லாதவர்களை லாரியில் ஏற்றி, புதுப் பொருளாதாரப் பகுதி என்ற பெயரில் காடு வெட்ட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர் கப்ரியேலோ நாலு படி ஏறினாலே மூச்சு முட்டும் ஆஸ்துமாக்காரர். அவர் எந்தக் காட்டை வெட்டுவது?

வார்டு அதிகாரி ஒரு வழி சொன்னார். கடை நடுவே பெரிய மேஜையில் துருப்பிடித்துக் கிடந்த பொம்மை ரயிலை ஓட வைத்தால், கடையைப் பிள்ளைகள் மன்றமாக்கலாம். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவள் புருஷனோடு மாடியிலேயே இருந்துகொள்ளலாம்.

உதவிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ரயில்வேயில் இருபது வருஷம் இருந்த சேஷாசலம். எஞ்சின் ஓட்டினார் என்று நினைத்துவிடாதீர்கள், டிக்கெட் கொடுத்தார். மற்றவர் காரைக்கால் பக்கீர் மைதீன், ஜவுளிக் கடையைப் பறிகொடுத்தவர். கூலி கிடையாது, காப்பிகூட நிச்சயமில்லை. ஆனாலும் மூன்று வாரம் தினமும் வந்தார்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் தண்டவாளத்தைத் தேய்த்தார்கள். மேஜையில் கரையான் தின்ற பொம்மை வயல்களுக்குப் பதிலாக பக்கீர் மைதீன் தன்னிடம் மிஞ்சியிருந்த பச்சை வெல்வெட்டை வெட்டி ஒட்டினார்.

பழைய பாதை தனித்தனியாக இரண்டு வட்டம், ஒன்றில் சைகோன் நிலையம், மற்றதில் ஹனோய் நிலையம். "வடக்கும் தெற்கும் சேர்ந்து நாடே ஒன்றாகிவிட்டது, இங்கே மட்டும் ஏன் இரண்டு?" என்று அதிகாரி ஒருநாள் கேட்டுவிட்டுப் போனார். ஜவுளிக்காரருக்குச் சேர்ப்பதா கஷ்டம்? ஒரே மாலையில் சைகோனையும் ஹனோயையும் ஒரே பாதையாக்கிவிட்டார். ரயில் ஹனோயில் வளையமாகச் சுற்றி, போன பாதையிலேயே திரும்பி வரவேண்டும். வியாழக்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். படக்கென்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. நல்லவேளை, கரன்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் தப்பித்தது.

சேஷாசலம் தலையில் அடித்துக்கொண்டார். "பாய், ஒரு தண்டவாளம் பிளஸ்ஸு, ஒண்ணு மைனஸ்ஸு. நீங்க வளைச்சு விட்டதுல ரெண்டும் போயி முட்டிக்கிச்சு."

"சேர்க்கச் சொன்னாஹ, சேர்த்தேன். கரன்ட்டு ஒத்துக்காதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

வளையத்தின் இரு முனையிலும் தண்டவாளத்தை அறுத்து, கரன்ட் தாண்டாமலிருக்க இடைவெளியில் அந்துவானேத்தின் சீப்புப் பல்லை ஒடித்துச் செருகினார்கள். ரயில் வளையத்துக்குள் இருக்கும் ஆறு நொடிக்குள் ஒரு சுவிட்சைத் திருப்பி பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் இடம் மாற்ற வேண்டும். "இந்தத் தடவ தவறிச்சுன்னா டிரான்ஸ்பார்மர் போச்சு தங்கச்சி. ஊர்லயே வேற கிடையாது" என்றார் சேஷாசலம்.

மறுநாள் அதிகாரி சரியாகப் பத்து மணிக்கு வந்தார். சேஷாசலம் சுவிட்சைப் பிடித்தபடி உதட்டுக்குள் எண்ணினார். ரயில் வெல்வெட் வயலைத் தாண்டி ஹனோய்க்குப் போனது, வளைந்தது, சமர்த்தாகத் திரும்பி வந்தது. பக்கீர் மைதீன் கைதட்டியே விட்டார். அந்துவானேத்துக்கு அழுகை வந்தது.

அதிகாரிக்கும் சந்தோஷம்தான். சந்தோஷம் கூடிப்போனதுதான் வினை. "இவ்வளவு நல்ல சாமான் இந்தச் சந்துக்குள் இருக்கலாமா? நகரத்துப் பெரிய மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். மதியம் லாரி அனுப்புகிறேன்."

"அப்படியானால் இங்கே மன்றம்?" என்று அந்துவானேத் வியட்நாமியத்தில் கேட்டாள்.

"ரயில் இல்லாமல் என்ன மன்றம்?"

"என் வேலை?"

"அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னொரு முறை ஓட்டுங்கள், பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்."

மாடியில் கப்ரியேல் இருமினார். அந்துவானேத்துக்கு அந்த ரயிலைக் கையால் நசுக்கிவிடலாம் போலிருந்தது. நசுக்கினால் மூன்று பேரையும் சும்மா விடுவார்களா? ரயில் கிளம்பிவிட்டது. வயல் தாண்டியது. சேஷாசலத்தின் விரல் சுவிட்சில் இருந்தது.

அவள் தமிழில், குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "திருப்பாதீங்க அண்ணே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வார உழைப்பு. ரயில் வளையத்துக்குள் நுழைந்தது.

"உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன். திருப்பாதீங்க."

சேஷாசலம் கண்ணை மூடிக்கொண்டார். விரல் அசையவில்லை. படக்கென்றது. டிரான்ஸ்பார்மரிலிருந்து கருப்பாகப் புகை எழுந்தது, ரயில் நின்றது. அதிகாரி பதறி இரண்டடி பின்வாங்கினார்.

பக்கீர் மைதீன் ஒரு நொடி திகைத்தார். அப்புறம் அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். "பழைய சாமான், தோழர். அசைத்தால் மிச்சமும் போய்விடும். இங்கேயே வைத்துச் சரி செய்து தருகிறோம்" என்று வியட்நாமியத்தில் குழைந்தார்.

அதிகாரி எரிச்சலோடு காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்: ரயில் இங்கேயே பழுதுபார்க்கப்படுகிறது, ஒரு மாதம்; பொறுப்பு, மாடியில் குடியிருப்பவர்கள். அவர் போன பிறகும் சேஷாசலம் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதார். அந்துவானேத்துக்கோ மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

காகிதத்தோடு மாடிக்குப் போனாள். கப்ரியேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில், கட்டி வைத்த மூட்டை.

"ரயிலு ஓடிச்சா?"

"ஓடலங்க" என்றாள். "மூட்டையப் பிரிச்சிடுங்க."