நேரலையில் நாலு ஆல்பம்

வானொலியில் காலை பத்து மணி நிகழ்ச்சி நடத்துகிற தம்பி, ஒன்பதே காலுக்குத் தன் அக்காவைக் கூப்பிட்டான். புதிதாக வந்த ஆல்பங்களைப் பற்றிப் பேச வேண்டிய விமர்சகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது.

"நீ வந்து நாலு வார்த்தை பேசிட்டுப் போயேன்க்கா. உனக்குத் தெரியாத பாட்டா?"

"எனக்குப் பொய் வராதேடா."

"யாரு பொய் சொல்லச் சொன்னா? கொஞ்சம் பக்குவமா பேசு, போதும்."

அக்கா முப்பது வருடமாக ட்ரம்ஸ் வாசிப்பவள். ஒலிப்பதிவுக்கூடம், நாடக மேடை, நடனப் பள்ளி என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவாள். பக்குவம் மட்டும் எங்கேயும் கற்றுக்கொண்டதில்லை. தம்பிக்கு அது தெரியும். ஆனால் அந்த நேரத்துக்கு வேறு யாரும் போனை எடுக்கவில்லை.

நேரலை அறை ஒரு குளியலறை அளவுதான் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு ஒரு மூலையில் பிய்ந்து தொங்கியது. கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பொறியாளர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு ஆல்பத்திலிருந்தும் ஒரு பாட்டு போடுவார்கள். கேட்டுவிட்டு அக்கா கருத்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, தூங்க வைக்கும் இசை. மழைச் சத்தத்தின் நடுவே புல்லாங்குழல்.

"எப்படி இருந்துச்சு?" என்றான் தம்பி, தேன் தடவிய குரலில்.

"மழை நல்லா வாசிச்சிருக்கு. புல்லாங்குழல்தான் நடுநடுவுல தொந்தரவு பண்ணுது."

"தூக்கம் வருமா?"

"மழைன்னா எனக்கு மாடியில காயப்போட்ட துணிதான் ஞாபகம் வருது. தூக்கம் எப்படிப்பா வரும்?"

இரண்டாவது, நாலு இளைஞர்கள் அடிவயிற்றிலிருந்து அலறும் ராக் ஆல்பம். "பசங்க ரொம்பக் கோபமா இருக்காங்க. எதுக்குன்னு சொன்னா தேவலை. ட்ரம்ஸ் வாசிக்கிற பையன் கெட்டிக்காரன். அவன் மட்டும் கோபமா இல்ல, வேலையா இருக்கான்."

மூன்றாவது, ஆட வைக்கும் காதல் பாட்டு. "உன்னை விட்டுப் போகமாட்டேன்னு இவரு பதினாறு தடவை சொல்றாரு. ரெண்டாவது தடவையே அந்தப் பொண்ணு நம்பியிருப்பா. எட்டைத் தாண்டினதும் சந்தேகம்தான் வரும்."

நேயர்கள் கூப்பிடும் போன் விளக்குகள் மின்ன ஆரம்பித்தன. தம்பிக்கு வியர்த்துவிட்டது. அவசரமாக நாலாவதைப் போடச் சொன்னான். உறையில் ஏதோ ஒரு புதுக் குழுவின் பெயர் இருந்தது. யார் எவர் என்று அவன் பார்த்திருக்கவில்லை.

முதல் வரியிலேயே அக்கா நிமிர்ந்தாள். மணலை அரைக்கிற மாதிரியான அந்தக் குரலுக்கு உலகத்தில் ஒரே சொந்தக்காரன்தான். இருவரும் இருந்த பழைய இசைக்குழுவில் அவனைக் 'கரகரப்பு' என்பார்கள், அவளை 'இடி'. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஒத்திகையில், "சரணத்துல நீ ஓடுற" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டான். தாளத்தில் வேகம் கூடிப்போவதை அந்தத் தொழிலில் ஓட்டம் என்பார்கள். அவள் குச்சிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பியவள்தான், அப்புறம் பேச்சுவார்த்தையே இல்லை.

தம்பிக்கும் குரல் பிடிபட்டுவிட்டது. பாட்டு முடிகிறவரை அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நல்ல பாட்டு," என்றாள் அக்கா, பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல. "இந்த வருஷம் நான் கேட்டதுல இதுதான் நல்ல பாட்டு. ட்ரம்ஸ் வாசிச்சது ஆள் இல்ல, மெஷின். அது பரவாயில்ல. ஆனா சரணம் வந்ததும் ஓடுது. மனுஷன் ஓடலாம், மெஷின் எப்படி ஓடும்? பழுதானதைத் தலையில கட்டிட்டாங்க போல."

ஒலிப்பொறியாளர் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டிக் காட்டினார். 'பாடினவர் லைன்ல இருக்கார்.' தம்பி வேண்டாம் என்று தலையாட்டினான்.

"குடுடா, பேசட்டும்," என்றாள் அக்கா.

"மெஷின் பழுதில்ல, இடி," என்றது கரகரப்பு. "வேகத்தைக் கூட்டி வச்சது நான்தான். சீரா போட்டுப் பார்த்தேன், பாட்டு படுத்துக்கிச்சு. நீ வாசிக்கிற மாதிரி போட்டேன், எழுந்து உட்கார்ந்துச்சு. எந்த இடத்துல எவ்வளவுன்னு பிடிக்கவே நாலு மாசம் ஆச்சு."

ஒலிப்பொறியாளர் சுளையை வாயருகே பிடித்தபடி நின்றார்.

"அப்போ நான் ஓடினேன்னுதான் இன்னும் சொல்றே."

"ஓடத்தான் செஞ்சே. அதுதான் அழகுன்னு சேர்த்துச் சொல்லியிருக்கணும். விட்டுப்போச்சு."

"இது ஞாபகம் வர பதினோரு வருஷமா?"

"அன்னைக்குச் சாயங்காலமே வந்துடுச்சு. உனக்குப் போன் பண்ண வெட்கமா இருந்துச்சு."

"இப்ப மட்டும் எப்படிப் பண்ணினே?"

"இது ஸ்டேஷன் நம்பர்தானே."

அதற்குள் செய்தி நேரம் வந்துவிட்டது. தாழ்வாரத்துக்கு வந்த அக்கா தண்ணீர்க் குழாயடியில் ரொம்ப நேரம் முகம் கழுவினாள். வெயில் அதிகம் என்றாள். தம்பி ஏனென்று கேட்டிருக்கவே இல்லை. நிலைய இயக்குநர் வந்து, புல்லாங்குழல்காரர் புகார் செய்திருப்பதாகவும், வாராவாரம் அவளால் வரமுடியுமா என்றும் ஒரே மூச்சில் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பாட்டுக்கு வாசித்துப் பார்க்க அவள் கரகரப்பின் வீட்டுக்குப் போனாள். துணி தேய்க்கும் மேஜையும் பழைய பெட்டிகளும் கிடந்த பின்னறையில் ட்ரம்ஸ் தயாராக இருந்தது. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. முதல் தடவை வீம்புக்காகக் கடிகாரம் மாதிரி சீராக வாசித்தாள். பாட்டு படுத்துக்கொண்டது. அது அவளுக்கே கேட்டது. கரகரப்பு கிட்டாரின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"சரி, இன்னொரு தடவை," என்றாள்.

இந்தத் தடவை கையை அதன் போக்கில் விட்டாள். சரணம் வந்ததும் அது கிளம்பியது. கரகரப்பு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். முடிந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது.

வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள். அக்கா குழுவை விட்டுப் போன பிறகு நடந்த கல்யாணம். அக்கா அவளைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் கரகரப்பு, ஆசையோடு.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்கென்னமோ மெஷின்தான் பிடிச்சிருந்துச்சு."

அக்காவுக்கு அவளை உடனே பிடித்துப்போனது.