மஞ்சள் பட்ட மூலை

மல்லம்மாவின் புருஷன் ஜடையன் ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கொத்து வேலைக்கு வந்தவன். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஒரே இடம் அழுந்திக் கிடந்தால் சதை அழுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இரண்டு மணிக்கொரு தரம் அவனைப் புரட்டிப் படுக்கவைத்தே அவள் தோள்கள் இற்றுப்போயிருந்தன.

அப்போதுதான் பக்கத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் மாணவன் ஹேமந்த், தங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு தாளைச் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்தான். பிளாஸ்டிக் தாள்தான், ஆனால் துணி போல வளையும். கண்ணுக்குத் தெரியாத டிரான்சிஸ்டர்கள் அதில் படிந்திருந்தன. முதுகுக்கடியில் விரித்துவிட்டால் போதும். ஓரிடம் நெடுநேரம் அழுந்தினால் பக்கத்துப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்.

"என்ற முதுகுக்கும் ஒரு காவக்காரன் வந்துட்டான் புள்ள. இனியாச்சும் நீ தூங்கு," என்றான் ஜடையன்.

வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் மஞ்சள் குழைத்து நாலு மூலையிலும் வைத்துக் கும்பிடுவாள் மல்லம்மா. தாளுக்கும் வைத்தாள்.

இரண்டு நாள் விளக்கு ஒழுங்காக எரிந்தது. அவளும் புரட்டினாள். அடுத்த மூன்று நாள் எரியவேயில்லை. இனி அழுத்தமே இல்லை, சாமி கண் திறந்துவிட்டது என்று அவனை அசைக்காமல் விட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அதற்கு மறுநாள் காலையில் அவன் முதுகிலிருந்து வாடை வந்தது.

ஆஸ்பத்திரியில் புண்ணைப் பார்த்த டாக்டர், "ஊர்ல யாருக்காவது சொல்லணுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த ஹேமந்த், மல்லம்மா கூடக் கொண்டுவந்திருந்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் கறை உள்ளே இறங்கியிருந்தது. அங்கே மின்சாரம் ஓடும் மெல்லிய கோடுகள் கறுத்து அரித்துப்போயிருந்தன.

"அந்த மஞ்சளா தம்பி?"

அவன் கறையைக் கட்டைவிரலால் மூடினான். "ஈரம் இறங்காம ஓரத்தை நாங்க அடைச்சிருக்கணும்மா. கெட்டுப்போனா தெரியற மாதிரி செஞ்சிருக்கணும். தப்பு எங்களுது."

"நான் அதைக் கேக்கலீங்க."

"மஞ்சளுந்தாம்மா," என்றான், கறையிலிருந்து விரலை எடுத்து.

அவள் அழவில்லை. கட்டிலில் ஜடையன் காய்ச்சலில் முனகிக் கிடந்தான். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு. பழகிய கை தானாக எழுந்தது. இனி எதற்கு என்று பாதியிலேயே தாழ்ந்தது.

ஹேமந்த் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் போய் நின்றான்.

"நீங்க தோளைப் பிடிங்கம்மா. இடுப்பை நான் பாத்துக்கறேன்."

இருவருமாக ஜடையனைத் திருப்பினார்கள். அவன் பிழைக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பாரம் பாதியாக இருந்தது.

"மறுபடி நாலு மணிக்கு," என்று சொல்லிவிட்டு ஹேமந்த் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.