அடிதடி என்று எழுதினார்கள்

அழகுமலையின் இடது கண் இனித் தேறாது என்று டாக்டர் கைவிரித்ததும் சோலையப்பன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான். அழகுமலை அவன் மனைவி பஞ்சவர்ணத்தின் தம்பி. பரமக்குடியிலிருந்து அவனைத் துபாய்க்குக் கூட்டிவந்ததே சோலையப்பன்தான்.

முந்தின நாள் பர் துபாய் பகுதிக் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடு பஸ்ஸுக்கு நின்ற அழகுமலையை மூன்று பேர் வளைத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தொழிலாளர் கேம்ப் ஆட்கள். முன்விரோதம் எதுவும் கிடையாது. சாமியைச் சொல்லித் திட்டிக் கீழே தள்ளி, செருப்புக் காலால் நெற்றியைத் தேய்த்தார்கள். பிறகு கம்பியால் அடித்தார்கள்.

ஸ்டேஷனில் இருந்த இளம் அதிகாரிக்கும் சோலையப்பனைப் போலவே இந்தி தெரிந்திருந்தது.

"புடிச்சு விசாரிச்சோம், அவங்களே ஒத்துக்கிட்டாங்க. பெருமையா வேற சொல்றாங்க. ஆனா எதுக்காக அடிச்சாங்கங்கிறத சட்டம் கேக்கல. அடிதடின்னுதான் கேஸ் போகும்."

"காரணமே அதுதானே சார்?"

"தெரியும். மதத்துக்காக அடிக்கிறத தனிக் குத்தமாக்கணும்னு நானே மேல சொல்லிட்டுத்தான் இருக்கேன். என்னை மாதிரி இன்னும் சில பேரும் கேக்குறாங்க. ஒருநாள் சட்டம் வரும்."

"இன்னைக்குத்தானே சார் அவன் கண்ணு போயிருக்கு?"

அதிகாரி புகார்த் தாளில் அடிதடி என்றே எழுதினார்.

மறுநாள் அந்த மூவரின் கேம்பைப் பார்த்துக்கொள்ளும் பாஸ் வந்தான். அழகுமலை அவர்களை மன்னித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கேஸை முடிக்க வேண்டும். இல்லையென்றால் அழகுமலையும் அடித்தான் என்று எதிர்ப் புகார் வரும், இரண்டு தரப்புக்கும் ஜெயில்தான் என்றான். சோலையப்பன் ஆஸ்பத்திரிக்குப் போய் மைத்துனன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

"போட்டுத் தொலை மாப்ள. உசுரோட ஊருக்குப் போனாப் போதும்."

கட்டுப் போட்ட முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. "அடிச்சதக்கூட மன்னிச்சிருவேன் மச்சான். எதுக்கு அடிச்சாங்கன்னு ஒருத்தரும் எழுத மாட்டேங்குறாங்களே. எதைன்னு மன்னிக்கிறது?"

அவன் கையெழுத்துப் போடவில்லை. எதிர்ப் புகார் வந்தது. அந்த அதிகாரி கோர்ட்டில் சாட்சி சொல்லி அதை உடைத்தார். கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார்: இது சண்டை இல்லை, வெறுப்பு. நீதிபதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தீர்ப்பில் அந்தச் சொல் இல்லை. அடிதடிக்கு உண்டான சில மாதச் சிறையோடு கேஸ் முடிந்தது.

ஒற்றைக் கண்ணோடு கட்டட வேலைக்குச் சாரம் ஏற முடியாது என்று கம்பெனி அழகுமலையின் விசாவை கேன்சல் செய்தது. அவனை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த சோலையப்பன், வெளியே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து ஊருக்குப் பேசினான்.

"கம்பெனி ஆளுங்க வீட்டுக்கு போன் பண்ணி, சண்டை போட்டுக் கண்ணப் போக்கிக்கிட்டான்னு சொல்றாங்க" என்றாள் பஞ்சவர்ணம். "அவன் யாரோட சண்டைக்குப் போனான்? அப்படி என்னங்க சண்டை?"

அது சண்டையே இல்லை என்று சொல்லச் சோலையப்பன் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. மறுமுனையில் அவள் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.